கண்ணைவிட மூத்த காவல்

நாறும்பூநாதனுக்கு வலது கண் கிடையாது. அந்த இடத்தில் இருப்பது செயற்கைக் கண். ஃபோட்டோ எடுக்கிறவனுக்கு இது ஒரு குறையே இல்லை என்று அவனே சொல்வான். "எல்லாவனும் ஒரு கண்ண மூடிக்கிட்டுத்தான டீச்சர் பாக்கான்? எனக்கு அந்த வேல மிச்சம்" என்பான். இடது கண்ணால் பார்க்கிறபடியால் மூக்கு போய் கேமராவின் பின்பக்கத் திரையில் அழுந்தும். நாள் முழுக்க அந்தத் திரையைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருப்பான்.

மேலகரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கீழே அவன் ஸ்டூடியோ, மாடியில் நான் குடியிருக்கிறேன். தென்காசியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறேன். கோபக்காரி உமாதேவி என்றால் தெரியாத பிள்ளைகள் கிடையாது. அந்தப் பெயர் சும்மா வரவில்லை, பாடுபட்டுச் சம்பாதித்தது.

ஒரு காலத்தில் சீசன் வந்தால் அவன் குற்றாலம் மெயின் அருவிப் பக்கம்தான் நிற்பான். ஈரத் தலையோடு வருகிறவர்களை நிறுத்தி வைத்துப் படம் எடுத்து, அவர்கள் சட்டை மாற்றி வருவதற்குள் கையில் கொடுத்துவிடுவான். எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகு அந்தப் பிழைப்பு போனது. அதற்காக அவன் ஒப்பாரி வைக்கவில்லை. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் என்று ஸ்டூடியோவுக்குள் வந்துவிட்டான். குற்றாலத்து அம்மன் பெயரில் 'குழல்வாய்மொழி டிஜிட்டல்ஸ்' என்று பலகை மாட்டினான். பிறகு மகள் பிறந்தபோது அவளுக்கும் அதே பெயரை வைத்தான். பலகைக்குச் செலவழித்த பெயரை வீணாக்கக் கூடாது என்று நினைத்திருப்பான் என்று நான் கேலி செய்தேன். வீட்டில் அவள் குழலி.

அவன் கண் போன கதை ஊருக்கே தெரியும். சின்ன வயதில் கண்ணில் பூ விழுந்துவிட்டது, எடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் கருவிழியில் வெள்ளையாக எது தெரிந்தாலும் அது பூதான். புண் ஆறிய தழும்பும் பூ, புரையும் பூ. பேரிலும் பூ, கண்ணிலும் பூ என்று பள்ளிக்கூடத்தில் அவனைக் கேலி செய்தார்கள். அப்படிக் கேலி செய்தவர்களின் கல்யாணத்துக்கெல்லாம் அவன்தான் ஆல்பம் போட்டான்.

குழலிக்கு ஒரு வயது முடிந்து காது குத்தினார்கள். அடுத்த வாரம் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், என் மாணவிகளின் ஃபோட்டோக்களை வாங்க ஸ்டூடியோவுக்குள் போனேன். கம்ப்யூட்டரில் காதுகுத்துப் படங்களைச் சரிசெய்துகொண்டிருந்தான். ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணுக்குள் போனால் சிவப்பாகத் திரும்பும். அந்தச் சிவப்பைக் கறுப்பாக்குவது அவனுக்கு அன்றாட வேலை. யார் படமானாலும் முதலில் கண்ணைத்தான் தொடுவான், அது கைப்பழக்கத்தில் தன்னால் நடக்கும். அன்றைக்கு மட்டும் கை நின்றிருந்தது.

"டீச்சர், கொஞ்சம் இங்கன வாங்க" என்றான். "இடது கண்ணுல செவப்பு விழுந்திருக்கு. அது எல்லாருக்கும் விழும். வலது கண்ணப் பாருங்க, வெள்ளையா மின்னுது. லென்ஸுல பட்ட வெளிச்சம்னு நெனச்சு ரெண்டு மூணு படத்துல அழிச்சிட்டேன். அப்படின்னா நான் நகந்தா அதுவும் நகரணும்லா? எந்தப் பக்கம் நின்னு எடுத்தாலும் இந்தக் கண்ணுதான்."

குனிந்து பார்த்தேன். தாத்தாவின் மடியில் குழலி வாயைத் திறந்து அழுகிறாள். ஒரு கண் மட்டும் இருட்டில் பூனைக்கண் மாதிரி ஒளிர்கிறது. "டாக்டர்ட்ட எப்பவாவது காட்டுனியா?" என்று கேட்டேன்.

"பொறந்தப்ப கேட்டாவ. அப்பாவுக்குக் கண்ணுல என்னன்னாவ. பூ விழுந்து எடுத்ததுன்னேன். அப்ப அது பிள்ளைக்கு வராதுன்னுட்டாவ."

நாளைக்குக் காலையிலேயே போ என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். தென்காசியில் கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்த கையோடு மதுரைக்கு அனுப்பினார். இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டும் என்று அவன் மனைவி மாரிச்செல்வி என்னையும் காரில் ஏற்றிவிட்டாள்.

மதுரையில் எங்களிடம் பேசியது ஒரு சின்ன வயது டாக்டர். நல்ல தமிழில் நிதானமாகச் சொன்னாள், என் இங்கிலீஷுக்கு வேலையே இல்லை. கண்ணின் விழித்திரையில் வருகிற புற்றுநோய். வலது கண்ணை அது நிறைத்துவிட்டது, அந்தக் கண்ணை எடுத்துத்தான் ஆக வேண்டும். இடது கண்ணில் சின்னதாக ஒன்று இருக்கிறது, அதை லேசராலும் மருந்தாலும் காப்பாற்றிவிடலாம். தள்ளிப்போட்டால் நரம்பு வழியாக மூளைக்குப் போகும், அப்புறம் பிள்ளையே கிடைக்காது.

சொல்லிவிட்டு அவள் நாறும்பூவின் முகத்தைப் பார்த்தாள். "உங்க வலது கண் எப்படிப் போச்சு?"

"பூ விழுந்து எடுத்துட்டாங்கம்மா. ரெண்டு வயசு இருக்கும்."

"பூ விழுந்தா கண்ணை முழுசா எடுக்க மாட்டாங்களே" என்றாள் அவள். "உங்களுக்கும் இதே நோய்தான் வந்திருக்கணும் சார். உங்ககிட்ட இருந்துதான் குழந்தைக்கு வந்திருக்கு."

அவள் சொன்ன விதத்தில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் நாறும்பூ எழுந்து நின்றுவிட்டான். வீட்டில் கலந்துகொண்டு வருகிறோம் என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். ஆஸ்பத்திரியில் எவ்வளவோ சொல்லியும் கையெழுத்துப் போடவில்லை. ஊர் வந்து சேரும்வரை காரில் குழலி மட்டும் மழலையில் ஏதோ பாடிக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு அவன் அசையவே இல்லை. மாரிச்செல்வி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். "நீ கையெழுத்துப் போடேன்ட்டி, நீ பெத்தவதான?" என்று கேட்டேன். "அவுக மனசில்லாம நான் எப்படிப் போடுவேன் டீச்சர்? பிள்ள மொகத்தப் பாக்கும்போதெல்லாம் என்னையல்லா குத்தம் சொல்லுவாவ?" என்றாள். அவளைத் திட்ட வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். திட்ட வேண்டிய ஆள் கீழே இருந்தான்.

இறங்கிப் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஏலே, ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா? ஒத்தக் கண்ணோட நீ வாழலியா? கல்யாணம் பண்ணலியா? கட நடத்தலியா? ஒலகத்துல வேற எவன் இந்த விஷயத்துல பயந்தாலும் நீ பயப்படலாமா?"

"நான் வாழ்ந்ததுனாலதான் சொல்லுதேன்" என்றான். "பள்ளிக்கூடத்துல எனக்கு வலது பக்கம் எவனும் ஒக்காரமாட்டான் டீச்சர். என்னயப் பாத்தா படிச்சது மறந்துரும்பான். எத்தன வீட்டுல பொண்ணு பாத்துட்டு, அந்தக் கண்ணுதான்னு இழுத்தாவ தெரியுமா? ஆம்பள எனக்கே இந்தப் பாடு. சிரிச்சுக்கிட்டே சொல்லுதேன்னா வலிக்கலன்னு நெனச்சியளா?"

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்திருந்தது.

"அதுவும் நாந்தான குடுத்திருக்கேன்" என்றான். "என் ரத்தத்துலதான் இந்தச் சனியன் இருக்கு. குடுத்தவனே போயி, எடுங்கன்னும் சொல்லணுமாக்கும்?"

இதற்கு எனக்குப் பதில் தெரியும் என்று நினைத்தேன். ஏனென்றால் இது என் பாடம். ப்ளஸ் ஒன்னில் செல் பிரிதல் வரும். வெங்காய வேர் நுனியை நசுக்கிக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். ஒரு செல் நினைத்தபோதெல்லாம் இரண்டாகிவிட முடியாது, உடம்புக்குத் தேவைப்படும்போதுதான் பிரிய வேண்டும். அதுவரை அதை நிறுத்தி வைக்கச் சில புரதங்கள் காவல் இருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்றுக்கு ஆர்.பி. என்று பெயர். குழலிக்கு வந்த நோயின் இங்கிலீஷ் பெயரைச் சுருக்கினால் வருவதுதான் அது. அந்த நோய் ஏன் வருகிறது என்று துருவிப் போனவர்கள் கையில் இந்தப் புரதம் அகப்பட்டதால், தடுக்கிற புரதத்துக்கு நோயின் பெயரையே வைத்துவிட்டார்கள். காவல்காரனுக்குத் திருடன் பெயரை வைத்த மாதிரி என்று எனக்கு எப்போதும் ஆத்திரம் வரும்.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். "ஒன் ரத்தத்துல சனியன் இல்லலே. காவல்ல ஒரு ஆள் கொறையுது, அவ்வளவுதான். எல்லாருக்கும் ரெண்டு ஆள், அப்பா குடுத்தது ஒண்ணு, அம்மா குடுத்தது ஒண்ணு. ஒண்ணு பழுதானாலும் மத்தது தாங்கும். நீ குடுத்ததுல பழுது. மாரிச்செல்வி குடுத்தது நல்லாத்தான் இருந்துச்சு. கண்ணு வளருத அவசரத்துல எங்கயோ ஒண்ணு ரெண்டு செல்லுல அதுவும் கெட்டுப்போச்சு. அது தற்செயல். அதுக்கு நீ என்ன செய்வ?"

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தத் தைரியத்தில் மேலே சொன்னேன். இந்தப் புரதத்தின் சொந்தக்காரர்கள் வெங்காயத்தில் இருக்கிறார்கள், குளத்துப் பச்சைப் பாசியில் இருக்கிறார்கள். செடியும் பிராணியும் ஒன்றாக இருந்து தனித்தனியாகப் பிரிந்து நூறு கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிரிவதற்கு முன்பே இந்தக் காவல் இருந்திருக்கிறது. உலகத்தில் கண் என்று ஒன்று தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து பேக்கரியில் மாவில் போடுகிற ஈஸ்ட்டில்தான் வேடிக்கை. அதன் வம்ச வழியில் இந்தப் புரதம் எங்கோ தொலைந்துவிட்டது. ஆனால் காவல் தொலையவில்லை. இதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிற வேறொரு புரதம் அந்த இடத்தில் நின்று அதே வேலையைச் செய்கிறது. ஆள் மாறியிருக்கிறதே தவிர அந்த வேலையை உயிர் கைவிடவில்லை. இத்தனை காலம் இத்தனை உயிர்களில் நடந்துகொண்டிருக்கிற ஒன்று எங்கேயோ ஓர் இடத்தில் இடறினால் அதை மேலகரத்து நாறும்பூநாதன் செய்த பாவம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

"எலிக்கும் இது வருமா டீச்சர்?" என்று கேட்டான்.

அவன் அப்படிக் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னேன். எலிக்கு இந்தப் பழுது மட்டும் இருந்தால் கண்ணில் கட்டி வருவதில்லை. முதுகெலும்புள்ள பிராணிகளில் இந்தப் புரதம் ஒன்று மூன்றாகப் பெருகி அண்ணன் தம்பிகளாக இருக்கிறது. எலியின் கண்ணில் அண்ணன் விழுந்தால் ஒரு தம்பி வந்து அந்த இடத்தில் நின்றுகொள்கிறான். மனிதக் கண்ணில் அப்படி வந்து தாங்குவதில்லை.

"எலிக்குக் குடுத்தத எம்பிள்ளைக்கு ஏன் குடுக்கல?"

"யாரும் யாருக்கும் குடுக்கலப்பா. அப்படி அமைஞ்சுபோச்சு."

"இத்தன கோடி வருசம் இருந்தும் இதச் சரிபண்ணலல்லா?"

"சரிபண்ணணும்னு ஒக்காந்து யாரு பாத்தா? ஓடுத வண்டி ஓடட்டும்னு போயிக்கிட்டு இருக்கு. பெரும்பாலும் ஓடுது" என்றேன். எனக்கே அந்தப் பதில் பிடிக்கவில்லை.

அவன் எழுந்து ஷட்டரை மேலே தள்ளினான். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. "வெங்காயத்துக்குக் கண்ணு இல்ல டீச்சர். எம்பிள்ளைக்கு இருக்கு. நீங்க மேல போங்க" என்றான்.

இருபது வருஷம் நடத்திய பாடம் ஒரு கையெழுத்துக்கு உதவவில்லை. மாடிக்கு வந்து அச்சன்புதூருக்குப் போன் போட்டேன். அங்கே அவன் அப்பா சுடலைமணி வயலைப் பார்த்துக்கொண்டு தனியாக இருக்கிறார். அம்மா போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டது. பேத்திக்கு ஏதோ கண் வைத்தியம் நடக்கிறது என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. நான் விவரத்தைச் சொன்னேன். "அண்ணாச்சி, நீங்க வந்து நாலு வார்த்த சத்தம்போடுங்க, நான் சொல்லி அவன் கேக்கல" என்றேன். "வலது கண்ணா?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு, "வாரேன் டீச்சரம்மா" என்றார்.

மறுநாள் காலையில் வந்தார். வேட்டி நுனியில் வயல் சேறு காய்ந்திருந்தது. ஸ்டூடியோவில் படம் எடுக்க வருகிறவர்களுக்கான முக்காலியில் உட்கார்ந்தார். மாரிச்செல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். சத்தம்போடுவார் என்றுதான் நான் காத்திருந்தேன்.

"பூ இல்லலே" என்றார். "ஒனக்கு விழுந்தது பூ இல்ல. புத்து."

புற்றுநோயை அவர் அப்படித்தான் சொன்னார். எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

"டாக்டர் சொல்லும்போது நானும் ஒங்கம்மையும் இருந்தோம். ஊருக்கு வந்ததும் எல்லாவனும் என்னன்னு கேக்கான். ஒங்கம்மைக்கு அந்தச் சொல்லு வாயில வரமாட்டேங்கு. பு... பு...ன்னு இழுத்துட்டு அழுதுருவா, மிச்சம் வராது. கேட்டவங்க பூ விழுந்துட்டுன்னு எடுத்துக்கிட்டாவ. நானும் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். ஒங்க அக்காமார் ரெண்டு பேரையும் கட்டிக்குடுக்கணும்லா. புத்துன்னு தெரிஞ்சா எவன் நம்ம வாசல மிதிப்பான்? அப்புறம் அதுவே பழகிட்டு. எனக்கே சில நேரம் பூதானோன்னு இருக்கும்."

நாறும்பூ அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "எடுக்காட்டா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டான்.

"அடுத்த கோயில் கொடைக்கு நீ இருக்கமாட்டன்னாரு. ஒங்கம்ம கேக்கல. ஒத்தக் கண்ணோட எம்பிள்ளையப் பாக்கமாட்டேன்னு ஆபரேசன் ரூம் வாசல்ல குறுக்க படுத்துட்டா. நர்சு இழுக்கா, நான் இழுக்கேன், எந்திரிக்கமாட்டேங்கா." கிழவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அவளத் தாண்டித்தாம்லே ஒன்னத் தூக்கிட்டுப் போனேன். பெத்தவள, தாலியும் பொட்டுமா கெடந்தவள, காலு தூக்கித் தாண்டுனேன். அதுக்கப்புறம் அவ ஒன்னய இடுப்ப விட்டு எறக்கல. ஆனா சாகுதமட்டும் அதப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த பேசல."

குழலி அம்மாவின் தாலிச்சரட்டை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"இப்ப நீ படுத்திருக்க" என்றார் சுடலைமணி. "எனக்கு எழுவது வயசாச்சு. நான் மறுபடியும் தாண்டணுமா?"

நாறும்பூ எழுந்தான். மனைவியிடம் போய்ப் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். "துணி எடுத்து வையி" என்று அவளிடம் சொன்னான். அன்று மத்தியானமே மதுரைக்குப் புறப்பட்டார்கள். கையெழுத்தை அவனே போட்டான். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, நான் போகவில்லை. அன்றைக்கு நடத்த வேண்டிய பாடத்தை நடத்தாமல் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் நின்றேன்.

குழலியின் வலது கண்ணை எடுத்தார்கள். இடது கண்ணில் இருந்ததை லேசரால் சுட்டார்கள், பல மாதம் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டி முளைத்தது. மறுபடி மறுபடி மதுரைக்குக் கூட்டிப்போய் மயக்கம் கொடுத்துப் பார்த்தார்கள், இன்னும் பார்க்கிறார்கள். இடது கண் நன்றாக இருக்கிறது. அறைக்கு அந்தப் பக்கம் ஓடுகிற எறும்பைக்கூட அது விடுவதில்லை. ஊரில் யார் கேட்டாலும் நாறும்பூ புத்து என்றே சொல்கிறான், அக்காமார் வருத்தப்பட்டும் சொல்கிறான். கைக்குழந்தையின் படத்தில் எங்காவது வெள்ளை மினுங்கினால் அதை அழிக்காமல் பெற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறான். ஒரு பிள்ளைக்கும் இதுவரை எதுவும் இல்லை, நல்லவேளை.

ஆனால் பழைய கேலிப் பேச்சு அவனிடம் போய்விட்டது. தன் கண்ணைப் பற்றி அவன் எதுவும் சொல்வதில்லை. குழலி விழுந்தாலும் காய்ச்சலில் படுத்தாலும், என்னால வந்தது என்பான். காய்ச்சலும் நீயா குடுத்த என்று நான் கத்தினால் சும்மா தலையை ஆட்டுவான். செல்லும் புரதமும் எல்லாம் அவனுக்கு இப்போது என்னைவிட நன்றாக விளங்கும். குற்றம் இல்லை என்று மூளைக்குத் தெரிகிறது, நெஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை. இதற்கு என் பாடப்புத்தகத்தில் பக்கம் இல்லை.

இந்த ஜூன் மாதம் குழலி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். பள்ளிக்கூடத்து அடையாள அட்டைக்குப் படம் எடுக்க அவள் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் வரிசையாக ஸ்டூடியோவில் வந்து நின்றார்கள். அன்றைக்கு எனக்கு விடுமுறை, பிள்ளைகளை அதட்ட ஆள் வேண்டும் என்று மாரிச்செல்வி கூப்பிட்டிருந்தாள். நாறும்பூ கேமராவில் மூக்கை அழுத்திக்கொண்டு ஒவ்வொருவராக உட்காரவைத்து எடுத்துக்கொண்டிருந்தான். வரிசையில் குழலிக்குப் பின்னால் நின்ற பொன்செல்வி என்கிற குட்டிப்பெண் அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சத்தமாகக் கேட்டாள்.

"ஏட்டி, ஒனக்கு ஏன் அந்தக் கண்ணு அசைய மாட்டேங்கு?"

நான் அதட்ட வாயைத் திறந்தேன். நாறும்பூ கேமராவிலிருந்து முகத்தை எடுத்தான். குழலி எங்கள் இரண்டு பேரையும் கவனிக்கவே இல்லை. மூக்கு யாருடையது, முடி யாருடையது என்று வீட்டுக்கு வருகிற அத்தைமார்கள் பேசிக்கொள்வார்களே, அதே தோரணையில் பெருமையாகத் திரும்பினாள்.

"எனக்கு மூக்கு எங்கம்ம மாதிரி" என்றாள். "கண்ணு எங்கப்பா ஜாடை."

நாறும்பூ கேமராவை மேசையில் வைத்தான். ஒன்றாம் வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டு நிற்க, முகத்தை மூடாமல் அழுதான். பொன்செல்வி தன் அப்பா ஜாடை தனக்கு எதில் இருக்கிறது என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.